ஏரியைச் சுற்றி எங்கெல்லாம் காப்பி

யுகெத் — ...அங்க காப்பிக்குச் சைக்கிள நிறுத்த முடியாது, நோர்மான். அந்தக் கடையே இப்ப இல்ல.

நோர்மான் — இல்லன்னா? எங்க போச்சு?

யுகெத் — இடிச்சுட்டாங்க. அந்த இடத்துல சைக்கிள் ரிப்பேர் கடை இருக்கு.

இவோன் — நல்லதாப் போச்சு மச்சான். உன் சைக்கிளுக்கு முதல் வேலையே அங்கதான்.

நோர்மான் — டேய் இவோன், ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தியா, சாப்பிட்டோமா போனோமான்னு இருக்கணும்.

இவோன் — நானும்தானே வரேன்! எங்க சாப்பாடு, எங்க காப்பின்னு தெரியாம நான் ஒரு மிதி மிதிக்க மாட்டேன்.

யுகெத் — ரெண்டு பேரும் மேப்புல இருந்து கைய எடுங்க. கேளுங்க. ஆல்மாவுல கிளம்புறோம். சான்-ஜான் ஏரி பூரா வலது கைப் பக்கம் வரும். முதல் காப்பி சான்-ஜெதியோன்ல. ஒரு பொண்ணு புதுசா கடை போட்டிருக்கா. கொட்டைய அவளே வறுக்கிறாளாம்.

நோர்மான் — வேணாம்.

யுகெத் — ஏன்?

நோர்மான் — வேணாம்னா வேணாம். மெத்தபெச்சுவான்ல குடிப்போம். கோயிலுக்கு எதிர்ல.

இவோன் — அது வரைக்கும் காப்பி இல்லாமலா? என் முட்டி ஒத்துக்காது.

நோர்மான் — உன் முட்டிக்கும் காப்பிக்கும் என்னடா சம்பந்தம்?

இவோன் — காப்பின்னா உக்காரலாம்ல.

நோர்மான் — யுகெத், உனக்கு ஞாபகம் இருக்கா? கல்யாணமான வருஷம். அப்ப சைக்கிளுக்குத் தனிப் பாதை ஏது... மரம் ஏத்துன லாரிங்க காதை உரசிக்கிட்டுப் போகும். நடுங்கிக்கிட்டே போய் அந்தக் கோயில் எதிர்ல இறங்கினோம். அந்தக் கடைக்காரம்மா ஒரு காப்பி குடுத்தா பாரு. காலையில இருந்து அடுப்புலயே கிடந்து, அடியில தீஞ்சு, நாக்கு ஓரத்துல புகை வாசனை... முதல்ல கசப்பு. அப்புறம் பால் போட்டதும் லேசா ஒரு இனிப்பு, பின்னாடி இருந்து வரும்...

இவோன் — கெட்டுப்போன காப்பிய இவ்வளவு அழகா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

யுகெத் — குறுக்க பேசாத, இவோன்.

நோர்மான் — அப்புறம் ரோபர்வால்ல மொச்சை சூப். மதியம் எதிர்க்காத்துல ஒரு மைல் போறதுக்குள்ள உயிர் போச்சு. அந்த சூப்புல உப்புக்கறித் துண்டு போட்டு, மேல ஏதோ ஒரு இலை... காரமும் இல்ல, காரமில்லாமலும் இல்ல...

யுகெத் — சேவரி இலை.

நோர்மான் — ஆங், அது. டோல்போவுல புளூபெர்ரி பை, பழத்தை மாவுக்குள்ள வெச்சுச் சுட்டது. சூடு ஆறாம வெட்டினதால சாறு ஓடிப்போச்சு...

யுகெத் — எங்க ஓடுச்சு? என் வெள்ளைச் சட்டை மேல ஓடுச்சு. அடுத்த ஊர் வரைக்கும் பிள்ளைங்க என்னைப் பாத்துச் சிரிச்சுதுங்க.

நோர்மான் — நான் சிரிக்கல.

யுகெத் — நீதான் முதல்ல சிரிச்ச! சைக்கிள போட்டுட்டு, ரோட்டோரம் உக்காந்து சிரிச்ச.

நோர்மான் — ...அழகா இருந்தே. வாயெல்லாம் நீலமா.

இவோன் — நான் வேணா எழுந்து போகட்டுமா?

யுகெத் — உக்காரு. நோர்மான், நான் சொல்றத கேளு. ரோபர்வால் கடைக்கு நேத்து போன் பண்ணினேன்.

நோர்மான் — ம்.

யுகெத் — அவங்க வித்துட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. டோல்போ பை கடையும் இல்ல. மெத்தபெச்சுவான்ல அந்தம்மா... அவ எப்பவோ போயிட்டா.

நோர்மான் — ஒண்ணுகூடவா இல்ல?

யுகெத் — ஒண்ணுகூட. ஆனா புதுசு நிறைய வந்திருக்கு. பெரிபோங்காவுல ஒரு தம்பதி ஆட்டுப்பால்ல ஐஸ்கிரீம் பண்றாங்களாம், சான்-பிரிம்ல...

நோர்மான் — அப்ப நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.

யுகெத் — என்ன?

நோர்மான் — எனக்கு இடுப்பு சரியில்ல. நான் வீட்டுல இருக்கேன்.

இவோன் — நேத்து மாடிக்கு ரெண்டு கட்டு விறகு தூக்கினியே, அது யாரு இடுப்பு?

நோர்மான் — இவோன், விடு.

இவோன் — விடமாட்டேன். மச்சான், நல்ல காப்பி ஒண்ணு வழியில விட்டுப்போச்சுன்னு கொட்டுற மழையில வந்த வழியே திரும்பிப் போன ஆளு நீ. எங்களையும் இழுத்துக்கிட்டுப் போன. இப்ப ஒரு பொண்ணு தன் கையால வறுக்கிறா, அது வேணாமா?

நோர்மான் — காப்பின்னா காப்பிதான். எல்லாம் சூடான தண்ணி.

இவோன் — ...என்ன சொன்ன?

யுகெத் — இவோன், அடுப்புல இருக்கறத போய்ப் பாரு.

இவோன் — அடுப்புல ஒண்ணும் இல்லக்கா.

யுகெத் — போய்ப் பாருன்னா பாரு.

இவோன் — சரி, சரி. இல்லாததைப் போய்ப் பாக்கறேன்.

நோர்மான் — அப்படிப் பாக்காத.

யுகெத் — நான் ஒண்ணும் கேக்கலயே.

நோர்மான் — கேக்கலனாலும் கேக்கற மாதிரியே பாப்ப... ஜனவரியில காய்ச்சல் வந்துச்சுல்ல?

யுகெத் — ம்.

நோர்மான் — காய்ச்சல் போச்சு. கூடவே அதுவும் போச்சு.

யுகெத் — எது?

நோர்மான் — எல்லாம். உப்பு, இனிப்பு, வாசனை. நீ ரொட்டி சுட்டா வீடு பூரா மணக்கும்ல... எனக்கு வீடு காலியா இருக்கு. வாயில போட்டா ஒண்ணு மெத்துனு இருக்கு, ஒண்ணு கரகரன்னு இருக்கு. அவ்வளவுதான். டாக்டர் வரலாம்ங்கறார், வராமலும் போகலாம்ங்கறார்.

யுகெத் — டாக்டர்கிட்ட தனியா போனியா?

நோர்மான் — கார் டயர் மாத்தப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்.

யுகெத் — அதான் டயர் பழசாவே இருந்துச்சு.

நோர்மான் — புதுக் கடையில போய் நான் என்ன பண்ணுவேன், யுகெத்? நீங்க ரெண்டு பேரும் ஆகா ஓகோம்பீங்க, நான் சேர்ந்து தலையாட்டணும். பழைய இடம்னா... அந்த நாற்காலியில உக்காந்தா, பழசு ஞாபகத்துல நாக்குக்கு வந்துடும்னு நினைச்சேன். பைத்தியக்காரத்தனம்தான்.

யுகெத் — ஏன் எங்கிட்ட சொல்லல?

நோர்மான் — நீ எனக்காகத்தானே சமைக்கிற. தெரிஞ்சா சமைக்கிறதையே விட்டுருவ. அப்புறம் இந்த வீட்டுல என்ன இருக்கு?

யுகெத் — எனக்குத் தெரியும்.

நோர்மான் — என்ன தெரியும்?

யுகெத் — ஈஸ்டர்ல இருந்தே தெரியும். உப்புல ஊற வெச்ச பன்னித் தொடைய வேக வெச்சேன்ல? உப்புத் தண்ணிய மாத்த மறந்துட்டேன். ஒரு துண்டு வாயில வெச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நிமிந்து பாக்கறேன், நீ தட்ட நீட்டி இன்னொரு துண்டு கேக்கற. பிரமாதம்ங்கற.

நோர்மான் — ...அன்னைக்கேவா?

யுகெத் — அன்னைக்கே. நானா சொன்னா நீ உடைஞ்சுடுவ. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்.

நோர்மான் — அதனாலதான்... சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக்கிட்டே இருப்பியே. வெங்காயம் நல்லா வதங்கியிருக்கு, மிளகு கொஞ்சம் தூக்கல், வெண்ணெய் வாசனை வருதுன்னு...

யுகெத் — உனக்குத்தான் சொன்னேன். வேற யாருக்கு?

நோர்மான் — வயசாச்சு, வாய் ஓய மாட்டேங்குதுன்னு நினைச்சேன்.

யுகெத் — நினைப்ப, நினைப்ப! இந்தப் பயணமும் அதுக்குத்தான். ஒரு வாரம் வேற வேலை இல்லாம பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா, எந்த ஊர்லயாவது நீ வாயத் தொறப்பன்னு பாத்தேன்.

நோர்மான் — கிளம்புறதுக்குள்ளயே தொறந்துட்டேன்.

யுகெத் — இப்பவும் கிளம்புறோம். அந்தத் தீஞ்ச காப்பிய நீ சொன்னப்ப எனக்கு நாக்கு கசந்துச்சு, நோர்மான். நிஜமா. கடை போனா என்ன? நீ பழசைச் சொல்லு. புதுசு எப்படி இருக்குன்னு நான் சொல்றேன்.

நோர்மான் — நல்லா இல்லன்னா?

யுகெத் — நல்லா இல்லன்னு சொல்வேன். நான் உனக்கு என்னைக்குப் பொய் சொன்னேன்?

நோர்மான் — ஈஸ்டர்ல இருந்து.

யுகெத் — போடா.

இவோன் — அடுப்புல ஒண்ணும் இல்ல. அப்பவே சொன்னேன். உள்ள வரலாமா?

நோர்மான் — வா, வா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே நின்ன. சான்-ஜெதியோன் பொண்ணு கடையில உனக்கு முதல் காப்பி. முட்டி சந்தோஷமா?

இவோன் — முட்டி கும்பிடுது மச்சான்.

நோர்மான் — இருங்க, ஒண்ணு புரியல. யுகெத், அந்தக் கறி அவ்வளவு உப்புன்னு சொல்ற. ஆனா இவனும் அன்னைக்கு என்கூடவே ரெண்டாவது துண்டு வாங்கினான். பிரமாதம்னு சொன்னான். இவனுக்கும் நாக்கு போச்சா?

இவோன் — என் நாக்குக்கு ஒரு கேடும் இல்ல. ராத்திரி பூரா குழாய்ல வாயை வெச்சுக்கிட்டு நின்னேன்... அக்கா முகத்தைப் பாத்தேன், உன் தட்டைப் பாத்தேன், விஷயம் புரிஞ்சுடுச்சு. அத நீ ஒருத்தனே உக்காந்து தின்னா எனக்கு மனசு கேக்குமா, மச்சான்?