பன்னிரண்டாம் ஃபாரம்

"ஹலோ... ஹலோ, தம்பி, வச்சுடாதே. நான்தான். மறுபடியும் நான்தான்... ஆமா. லைன் கட் ஆயிடுச்சுன்னுதான் நினைச்சேன். நீயே வச்சிருப்பேன்னு நினைக்கல... சரி சரி, இருக்கட்டும். மெஷின்ல ஏத்தியாச்சா?... இன்னும் இல்லையே? அது போதும். அது போதும் எனக்கு."

எழுத்தாளர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அவருடைய கைப்பேசிக்கு வயதாகிவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் இரண்டு வார்த்தைக்குள் கண்ணை மூடிவிடும். ஒயரோ முழ நீளம். ஆகவே முக்கியமான பேச்சு எதுவானாலும், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப் போல, ஸ்விட்ச் பலகைக்கு அடியில் கழுத்தைச் சாய்த்து நின்றுதான் பேச வேண்டும். எதிர்முனையில் இருந்தவர் அவருடைய பதிப்பாளர். பழைய பதிப்பாளரின் மகன். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து தெரிந்தவர். 'தம்பி' என்று கூப்பிடும் உரிமை அப்படி வந்தது.

தெருவில் எழுத்தாளருக்குப் 'பேய் சார்' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே முழிப்பார். அவர் மனைவி இருந்தவரை, யாராவது இதைச் சொல்லிக் கேலி செய்தால், "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும்" என்று முந்திக்கொண்டு சிரிப்பாள். இந்த மாதம் பேய் சாரின் இரண்டு புது நாவல்கள் ஒரே நாளில் வெளிவந்தன. 'ஈரச் சுவர்' வீட்டுப் பேய். 'எட்டாவது கட்டில்' ஆஸ்பத்திரிப் பேய். ஒரே அச்சகம், ஒரே அளவு, ஒரே தாள், ஒரே பைண்டிங் கொட்டகை. அங்கேதான் வினை விளைந்தது.

"இல்ல தம்பி, அடுக்கித் தைச்ச அம்மாவைத் திட்டாதே. அவங்க என்ன பண்ணுவாங்க? நூத்தி எழுபத்தாறாம் பக்கம் முடிஞ்சுது, அடுத்தது நூத்தி எழுபத்தேழு. நம்பர் சரியாத்தானே இருந்துச்சு... ஆமா. ஆமா, அதான் நானும் சொல்றேன். தப்பு பாதி என் மேலதான்."

அது பணிவுக்குச் சொன்னதல்ல. புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. பெரிய தாளின் இரண்டு புறமும் அடித்து மடித்தால் பதினாறு பக்கம். அது ஒரு ஃபாரம். பன்னிரண்டு ஃபாரங்களை அடுக்கித் தைத்தால் ஒரு நாவல். "தாள் வீணாகக் கூடாது, பன்னிரண்டுக்குள் பேயை அடக்கு" என்று பழைய பதிப்பாளர் முதல் புத்தகத்திலேயே கட்டளை போட்டுவிட்டார். இவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். பதினோராவது ஃபாரத்தின் கடைசி வரி எந்தக் கதையிலும் ஒன்றேதான்: 'கதவைத் திறந்தேன்.' மிச்சம் எத்தனை தாள் என்பது வாசகரின் கட்டைவிரலுக்குத் தெரியும், அந்த இடத்தில் கதவு திறந்தால் விரலே வியர்க்கும் என்பது அவர் கணக்கு. அதோடு, கதை சொல்பவன் எப்போதும் 'நான்'. வருகிற பேய் எப்போதும் 'அவள்'. யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பாதி பயம் போய்விடும். இந்தப் பழக்கங்கள்தான் அவருக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தன. ஒரு புத்தகத்தின் கடைசி ஃபாரத்தை இன்னொன்றோடு தைத்தாலும் தையல் தெரியாமல் போனதற்கும் அவையேதான் காரணம்.

இரண்டு நாவல்களின் கடைசி ஃபாரங்களும் இடம் மாறி, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. விழுந்த முடிச்சை ஊரே தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

"தெரியும்ப்பா, 'ஈரச் சுவர்' ஒரு பிரதி கூட மிச்சமில்லன்னு நீதான் நேத்தே சொன்னியே... ஆமா, அந்த விமர்சனமும் படிச்சேன். இரும்புக் கட்டிலுக்கு மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு மனுஷன். வீட்டுக்குள்ள திடீர்னு வர்ற இரும்புக் கட்டில், போன பொண்டாட்டியோட நினைவுச் சின்னமாம்... தம்பி, அது ஆஸ்பத்திரிக் கட்டில். சின்னமும் இல்ல, மண்ணும் இல்ல. வார்டுல இருக்க வேண்டிய கட்டில்... சிரிக்காதே. எனக்கும்தான் முதல்ல சிரிப்பு வந்துச்சு."

அவர் குரலைத் தணித்து, விஷயத்துக்கு வந்தார். மதியத்துக்கு மேல் இரண்டாம் அச்சு தொடங்கப்போகிறது. அதிலாவது அவரவர் முடிவு அவரவர் புத்தகத்தில் இருக்கட்டும். அச்சடிக்கும் பிளேட்டுகள் தயாராக இருக்கின்றன; எடுத்து மாற்றி வைக்கிற வேலைதான். இதைக் காலையிலிருந்து நான்கு விதமாகச் சொல்லிவிட்டார். அச்சகத்துக்குக் கடிதமாகவும், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, எழுதி அனுப்பியிருந்தார்.

"கேக்கறேன், சொல்லு... ம்... ம்... இல்ல, புரியல. அப்படியேன்னா? தப்பாத் தைச்சது அப்படியேவா?... தெரிஞ்சேவா? தம்பி, போன தடவை நடந்தது கைப்பிசகு. இந்தத் தடவை அதே மாதிரி தைச்சா அதுக்குப் பேரு வேற... இரு, இரு. நான் பேசிக்கறேன். 'எட்டாவது கட்டில்' எத்தனை திரும்பி வந்திருக்கு?... பாதிக்கு மேலயா."

ஸ்விட்ச் பலகையின் ஒரு திருகாணி துருப்பிடித்திருந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டினார்.

'எட்டாவது கட்டில்' திரும்பி வந்ததில் அதிசயம் இல்லை. ராத்திரி வேலை பார்க்கும் வார்டு ஊழியன் ஒருவன், நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போகிறவளைத் தேடித் தேடி, கடைசியில் வார்டுக் கதவைத் திறக்கிறான். திறந்தால் சமையலறை. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். யாரும் இல்லை. விடியும்வரை அங்கேயே நிற்கிறான்; யாரும் வரவில்லை. கதை முடிந்தது. பயந்து நடுங்கலாம் என்று வாங்கியவன் சும்மா இருப்பானா? சப்பென்று போய்விட்டது, பேய் சாருக்கு வயதாகிவிட்டது, மூளை குழம்பிவிட்டது என்று எழுதினார்கள். ஒரு வாசகி, வார்டுக்குள் சமையலறை வந்தது சுகாதாரக் கேடு என்றுகூட எழுதியிருந்தாள்.

அந்தச் சமையலறை 'ஈரச் சுவர்' நாவலுடையது. மனைவியை இழந்த ஒருவன். விடியற்காலையில் அடுக்களையில் பாத்திரம் நகரும் சத்தம். நூற்று எழுபத்தாறு பக்கம் அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறான். கடைசியில் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறான். உள்ளே யாரும் இல்லை. எப்போதுமே யாரும் இருந்ததில்லை. அதுதான் அவர் எழுதிய முடிவு.

"சப்புன்னுதான் இருக்கும். சப்புன்னு இருக்கணும்னுதான் எழுதினேன்... கேளு தம்பி. உங்கப்பா இருந்திருந்தா இதை நான் சொல்லவே வேண்டாம். என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் நான் அடுக்களையில போய் உக்காந்திருக்கேன். தினமும். இந்தத் தெருவுல ஒரு வீடு விடாம பேயைக் குடி வச்சவன் நான். என் வீட்டுக்கு ஒண்ணு வராதான்னு உக்காந்திருந்தேன்... இல்ல. வரல. ஒரு கரண்டி கூட அசையல... ஆமா. அதைத்தான் எழுதினேன். என் வாழ்நாள்ல பொய் இல்லாம எழுதின பதினாறு பக்கம் அது. அதை வார்டுக்குள்ள கொண்டுபோய்ப் போட்டுட்டீங்க. அங்க அது பைத்தியக்காரன் உளறலாத்தான் தெரியும்."

இந்த முறை எதிர்முனை நீளமாகப் பேசியது. அவர் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்டார். கேட்கக் கேட்க 'ம்' சிறுத்துக்கொண்டே வந்தது.

"அதாவது, 'ஈரச் சுவர்' இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். 'எட்டாவது கட்டிலு'க்கு நான் புதுசா ஒரு ஃபாரம் எழுதித் தரணும். நல்லா பயமா. அவ்வளவுதானே நீ சொல்றது?... சரி. அப்ப அந்தச் சமையலறை எந்தப் புத்தகத்துல வரும்?... எதுலயும் வராதா."

'எதிலும் வராது' என்பதை அவர் இன்னொரு முறை, தமக்கே சொல்வது போல, மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு திடீரென்று குரல் உயர்ந்தது. பத்திரிகைக்கு எழுதுவேன் என்றார். நடந்தது இன்னது, தைத்தது இன்னபடி என்று வரிசையாக எழுதி, கையெழுத்துப் பிரதியையும் சேர்த்து அனுப்புவேன் என்றார்.

"நம்ப மாட்டாங்களா? ஏன் நம்ப மாட்டாங்க?... பொறாமைன்னா? என் புத்தகத்து மேல எனக்கேவா?... அடப்பாவி. நான் எழுதினதைவிட பைண்டர் எழுதினது நல்லாயிருக்குன்னு நான் வயித்தெரிச்சல் படறேன்னு சொல்வாங்களா... சொல்வாங்க. சொன்னாலும் சொல்வாங்க."

சிரித்துவிட்டார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும், ஒரே ஒரு பதிப்பு, சரியான முடிவோடு, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும் என்று கெஞ்ச ஆரம்பித்தார். அந்த வாக்கியம் பாதியில் நின்றது.

"யாரு?... யாரு ஃபோன் பண்ணாங்க?... என் பொண்ணா? உனக்கா பண்ணா?... எப்ப?"

மகள் வேறு ஊரில் இருந்தாள். அம்மா இறந்த வாரத்தில் அவள் இதே கூடத்தில் உட்கார்ந்து, "அம்மா இங்கதான் இருக்காங்களாப்பா? உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். குழந்தை கேட்பது போலத்தான் கேட்டாள். வாழ்நாள் முழுக்கப் பேய்க்கதையே தொழிலாகச் செய்தவர், அவளிடம் மட்டும் பொய் சொல்லக் கூடாது என்று, "அதெல்லாம் கதைம்மா. போனவங்க போனவங்கதான்" என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. பிறகு மருந்து சாப்பிட்டீர்களா என்பதோடு நின்றது. பிறகு அதுவும் இல்லை.

"என்ன சொன்னா?... முழுசாச் சொல்லு தம்பி, விட்டுடாதே... ம்... அழுதாளா?... சிரிச்சுக்கிட்டேவா... ம்... எந்த இடம்?"

எந்த இடம் என்று அவருக்குத் தெரியாதா. 'ஈரச் சுவ'ரோடு சேர்த்துத் தைத்த ஆஸ்பத்திரி ஃபாரத்தில், கதவைத் திறந்தவன் கண்ணில் படுகிறது: இருட்டில், இரும்புக் கட்டிலில், முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பாமலே, 'இவ்வளவு நேரமா?' என்கிறாள். வார்டில் அந்த ஒரு வரிக்கு ரத்தம் உறைய வேண்டும். அதற்காகவே அளந்து வைத்த வரி. ஊர் உறைந்தது. மகள் மட்டும் அதை வேறு மாதிரி படித்திருக்கிறாள். அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள் என்று படித்திருக்கிறாள். நேரில் சொல்ல வாய் வராத அப்பா, புத்தகத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று.

"அம்மா இருக்காங்கன்னு அப்பாவுக்குத் தெரியும்... அப்படியே சொன்னாளா? அதே வார்த்தையா?... ம்."

அவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எதிர்முனையில் யாரோ ஏதோ கூப்பிட, பதிப்பாளர் அவர்களை இருக்கச் சொன்னது கேட்டது.

"நீ அவகிட்ட பைண்டிங் விஷயம் சொன்னியா?... சொல்லலையா. ஏன் சொல்லல?... சரி. சரி, எனக்குப் புரியுது. நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்... என்னது? வர்றாளா? எப்ப?... குழந்தையையும் கூட்டிக்கிட்டா... என்கிட்ட சொல்ல வேண்டாம்னாளா. ம். நீ சொல்லல. நான் கேக்கவும் இல்ல."

சமையலறைக் கதவு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அதைத் திறந்து வைத்துத்தான் அவர் புழங்கினார். மூடி வைக்கக் காரணம் இல்லை. காலையில் தாமே கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டும் ஒற்றை டம்ளரும் மேடையில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த மேடைக்கு எதிரே மகள் வந்து உட்காருவாள். காது கொடுத்துக் கேட்பாள். ஒரு சத்தமும் வராது. வராததற்கு அவர் தினம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"இருக்கேன் தம்பி, லைன்லதான் இருக்கேன்... இல்ல, மாத்த வேண்டாம்... ஆமா, ரெண்டாம் அச்சும் அப்படியே இருக்கட்டும். என் லெட்டரைக் கிழிச்சுடு... கோவமெல்லாம் இல்லப்பா. 'எட்டாவது கட்டிலு'க்கு அடுத்த வாரம் எழுதித் தர்றேன். பதினாறு பக்கம். பயமாத்தான், பயமா எழுத எனக்குத் தெரியாதா... அந்தச் சமையலறை ஃபாரம் பிளேட்டு இருக்கு பாரு, அதை வச்சிருக்காதே. எடைக்குப் போட்டுடு. நாளைக்கு யாராவது தூசி தட்டி எடுத்துச் சரியாத் தைச்சுடப் போறாங்க... ஆமா, நிஜமாத்தான் சொல்றேன்... அவ வந்து கேட்டா என்ன சொல்லுவேனா? ஆமாம்மா, இருக்காங்கன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்ல... சரி, உன் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. மெஷினை ஓட விடு."

இந்த முறை அவரே வைத்தார்.