வடத்தின் மறுமுனை

இரவு ஒன்றேகால் மணி. ஆற்றுக்குள் இறங்கும் சாலை. பாலம் கிடையாது. இந்தக் கரையில் சாலை தண்ணீருக்குள் போகும், அந்தக் கரையில் வெளியே வரும். நடுவில் முழங்கால் ஆழம். மழை பிடித்துவிட்டால் இடுப்பளவு. சாலையை விட்டு நாலடி தள்ளினால்... மடு. அதன் ஆழத்தை யாரும் அளந்ததில்லை.

கரையோரம் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. விளக்கு எரிந்தது. வண்டிக்கு முன்னால் இரண்டு பேர்.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், பின்னால் இருப்பவனுக்கும் கேட்கட்டும். இது என்னோடு பட்டறையில் வேலை பார்ப்பவனுடைய அக்காவுக்கு நடந்தது. அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா மாட்டு டாக்டர். அக்கரையில் பதினோரு பால் பண்ணைகள். அவளுடைய சின்னக் கார் ஈரத்தைப் பார்த்தாலே நின்றுவிடும். போன மழையில் அங்கே ஒரு மாடு கன்று போட முடியாமல் இரவு முழுக்கக் கத்தியது. தண்ணீர் இறங்காதா என்று அக்கா இந்தக் கரையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். விடியும்போது சத்தம் நின்றது.

பண்ணைக்காரர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அடுத்த மழைக்குள் ஆற்றைத் தாண்டுகிற வண்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு டாக்டர்.

அப்படித்தான் இந்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஷோரூம்காரர் அதைத் தன் கையாலேயே மாற்றிக் கட்டியிருந்தார். அரை அடி உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, கூரையில் நீள விளக்கு வைத்திருந்தார். தண்ணீருக்குள் எஞ்சின் மூச்சு முட்டாமல் இருக்க, கண்ணாடி ஓரமாக மேலே போகும் கறுப்புக் குழாய். முன் பம்பரில் வின்ச். சேற்றில் மாட்டினால் கம்பிவடத்தை எங்காவது கட்டி வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் உருளை.

“வின்ச்சு டப்பா பிரிச்சு நேரா மாட்டினது டாக்டர். ஒரு தடவைகூட ஓடல. நைட்டு கொண்டுபோங்க, எங்க வேணா இறக்குங்க. காலைல எட்டுக்குள்ள சொல்லிடுங்க. ஒன்பதுக்கு இன்னொரு பார்ட்டி வருது.”

அக்காவுக்கு அன்று வேலை முடிந்தபோதே மணி பதினொன்றரை. நேராகப் பட்டறைக்கு வந்து தம்பியை எழுப்பினாள்.

“நீ சரின்னா வாங்கறேன். வேணாம்னா விட்டுடறேன். உன் வாய்லதான் இருக்கு.”

தம்பி வண்டியைச் சுற்றி வந்தான். “மூக்குல டியூபோட நிக்குது. ஐசியூ கேஸ் மாதிரி.”

“உன் பைக்கு மட்டும்? அது போஸ்ட்மார்ட்டமே முடிஞ்ச கேஸ். ஏறுடா.”

ஏறினான். பன்னிரண்டு கிலோமீட்டர். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

ஆற்றில் இறக்கினார்கள். தம்பி குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருந்தான், ஒன்றும் கிடைக்கவில்லை. தண்ணீர் கதவின் கீழ் விளிம்பைத் தொட்டது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. அக்கரை ஏறி, திருப்பி, மறுபடி இறங்கி இக்கரை வந்தார்கள். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

“சொல்லு,” என்றாள் அக்கா. அவள் முகம் ஏற்கெனவே வாங்கிவிட்ட முகம்.

“இரு. வின்ச்சு பாக்கல.”

“அவர்தான் புதுசுன்னு சொன்னாரே.”

“புதுசுன்னு சொன்னா கண்டிப்பா பிரிச்சுப் பாக்கணும். முழு ரோப்பையும் வெளிய எடுத்து, பாரம் குடுத்து, திரும்பச் சுத்தணும். நடு ஆத்துல ரோப் அறுந்துச்சுன்னா யாருக்குப் போன் பண்ணுவ?”

உருளையின் பூட்டை விடுவித்தான். கொக்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் நடந்தான். தண்ணீரோரம் ஒரு மரம் இருந்தது. அதில் மாட்டலாம் என்று எண்ணம். பின்னால் உருளை கடகடவென்று சுற்றியது. புதுக் கம்பி. கிரீஸ் வாசனை. ஐந்து மீட்டர்... பத்து... பதினைந்து...

“டேய், நில்லு.”

அக்கா உருளைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். தம்பி கொக்கியை அப்படியே தரையில் போட்டுவிட்டு வந்தான்.

வடம் நனைந்திருந்தது.

மேல் சுற்றுகள் காய்ந்திருந்தன. அதற்கு அடியில் இருந்த சுற்றுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... பம்பர் தகட்டில். கம்பி இழைகளுக்கு நடுவே பாசி. வாடாத பாசி, பச்சைப் பசேலென்று.

“இப்பதான ஆத்துல இறக்கினோம். அதுவா இருக்கும்,” என்றாள் அக்கா.

“தண்ணி இவ்ளோ மேல வரல. வந்திருந்தா மேல் சுத்துதான் முதல்ல நனையும்.”

அவள் பாசியை விரலால் எடுத்து முகர்ந்தாள். மாட்டு டாக்டர், எதையும் முகர்ந்துதான் பார்ப்பாள். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் துடைத்தாள்.

“என்ன வாசனை?”

“தலைல வைக்கிற எண்ணெ.”

அப்போது உருளை தானாக அரைச் சுற்று சுற்றியது. கடக்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொக்கி கிடந்த இடத்தில் கொக்கி இல்லை. வடம் சரிவில் நேராக இறங்கித் தண்ணீருக்குள் போயிருந்தது. சாலைப் பக்கம் இல்லை. மடுவின் பக்கம்.

“சரிவுல்ல... உருண்டிருக்கும்,” என்றான் தம்பி.

கடக். இன்னொரு அரைச் சுற்று. கடகடகட... இப்போது நிற்காமல் போயிற்று. தம்பி பாய்ந்து உருளையைப் பூட்டினான். வடம் ணங் என்று விறைத்தது. வண்டியின் மூக்கு நாலு விரல் தாழ்ந்தது. கைபிரேக் போட்டிருந்த வண்டி... ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. சக்கரத்துக்கடியில் கூழாங்கல் நொறுங்கும் சத்தம்.

கூரை விளக்கு மடுவின் மேல் விழுந்திருந்தது. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. வடம் இறங்கிய இடத்தில் ஒரு வளையம்கூட இல்லை.

“மரக்கட்டை. கொக்கி கட்டையில மாட்டிருக்கு. தள்ளி நில்லுக்கா, ரோப் அறுந்தா ஆளையே வெட்டிடும்.” வண்டிக்குள் கிடந்த தரைவிரிப்பை எடுத்து வடத்தின் மேல் போட்டான். அறுந்தாலும் துள்ளாமல் இருப்பதற்கு. பட்டறைப் பழக்கம், பயத்திலும் கை தானாகச் செய்தது. பிறகு ரிமோட்டை எடுத்தான். இரண்டே பட்டன். மேல் பட்டன் அழுத்தினால் வடம் உள்ளே வரும். கீழ் பட்டன் அழுத்தினால் வெளியே போகும்.

மேல் பட்டனை அழுத்தினான். மோட்டார் உறுமியது. வடம் ஒரு விரல்கடை வந்தது. நின்றது. இன்னொரு விரல்கடை.

அக்கா கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“தொடாதக்கா!”

அவள் தொட்டாள். உள்ளங்கையை வடத்தின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கும்போது காலில் கயிறு போட்டு இழுத்து எடுப்பவள் அவள். கயிற்றின் மறுமுனையில் இருப்பது உயிரா பிணமா என்று அவள் கைக்குத் தெரியும். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கை தப்பாகச் சொன்னதில்லை.

“மோட்டார நிறுத்து.”

நிறுத்தினான். ஆற்றின் சத்தம்கூட இல்லை அப்போது என்று சொன்னான் அவன்.

“கட்டை இல்லடா,” என்றாள். “செத்தது சும்மா கனக்கும். இது விட்டு விட்டு...” உதடு மட்டும் எண்ணியது. “இழுக்கவும் இல்லடா. ஏறுது. ஒரு கை... அப்புறம் இன்னொரு கை. ரோப்பப் பிடிச்சு ஏறி வருது. இடது கைல பலம் இல்ல.”

“அக்கா. வண்டில ஏறு.”

“உயிர் இருக்குடா.”

“மடுவுக்குள்ள எந்த உயிரு? மணி ஒன்றரை ஆகப் போகுது. வந்து பத்து நிமிஷம் ஆச்சு. எந்த மனுஷன் பத்து நிமிஷம் தண்ணிக்குள்ள இருப்பான்?”

“இழு. மேல் பட்டன அழுத்து. நான் சொல்றேன்ல, இழுடா!”

தம்பி தண்ணீரைப் பார்த்தான். வடம் நுழையும் இடத்திலிருந்து ஒரு முழம் உள்ளே, தண்ணீருக்கு அடியில்... வெளுப்பாக ஏதோ ஒன்று வடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடி விட்டது. கொஞ்சம் மேலே மறுபடி பிடித்தது.

அவன் கட்டைவிரல் கீழ் பட்டனை அழுத்தியது.

அழுத்தவேண்டும் என்று நினைத்தானா, விரல் நழுவியதா... அவனுக்கே தெரியாது. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. வடம் நிதானமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. ஈரக் கை கம்பியில் வழுக்கும் சத்தம், சர்ர்ரென்று. அப்புறம் வடம் தொய்ந்தது. வண்டியின் மூக்கு மேலே எழுந்தது.

அக்கா வடத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “விட்டுட்ட,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றான் அவன்.

மடுவில் இறங்கப் போனவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து நிறுத்தினான். அவசர எண்ணுக்குப் போன் செய்தார்கள். விடியும் முன்னால் ஒரு படகும் மூன்று ஆட்களும் வந்தார்கள். கழியால் மடுவைத் துழாவினார்கள். ஒன்றும் இல்லை. இரண்டு கரையிலும் விசாரித்தார்கள். காணாமல் போனவர் என்று ஒருவரும் இல்லை.

காலை ஏழே முக்காலுக்கு ஷோரூம். ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது.

“இதுக்கு முன்னாடி யாரு வெச்சிருந்தாங்க இத?” தம்பி ஷோரூம்காரரின் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான். “அந்த ஆத்துல என்ன நடந்துச்சு?”

அவர் நிஜமாகவே விழித்தார். “கம்பெனிலேருந்து நேரா வந்த வண்டி தம்பி. முதல் ஓனரே அக்காதான். வின்ச்சு டப்பா இன்னும் பின்னாடி கிடக்கு, சீல் பிரிச்ச அட்டையோட. வேணும்னா பாருங்க.”

தம்பி போய்ப் பார்த்தான். இருந்தது. புது அட்டைப்பெட்டி. காய்ந்த அட்டை.

“அக்கா, வேணாம். நான் சரின்னு சொல்லல. என் வாய்லதான் இருக்குன்னு சொன்ன. வேணாம்.”

அக்கா பேனா கேட்டாள். எங்கெங்கே என்று ஷோரூம்காரர் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை வந்தது. அக்கா ஒரு இரவுகூடத் தவறவில்லை. பதினோரு பண்ணைகளும் அவளிடமே நின்றன. தம்பி அந்த வண்டியில் ஏறுவதில்லை. ஆனால் அவள் போன் செய்வாள். வேலை முடிந்து ஆற்றைத் தாண்டியதும் கரையில் நிறுத்தி, வடத்தை மடுவில் விட்டுவிட்டு, அதன் மேல் கை வைத்தபடி பேசுவாள். பின்னால் மழைச் சத்தம் கேட்கும்.

“இன்னைக்கு நாலு பிடி ஏறிச்சு.”

“மேல் பட்டன அழுத்தித் தொலைக்கா. ஒரேயடியா தெரிஞ்சுடும்.”

“இப்ப இழுக்கக் கூடாதுடா. பயந்திருக்கு. அதுவா வரணும்.”

மறுநாள், ஆறு பிடி. அதற்கு மறுநாள் தண்ணீர் அதிகம், ஒன்றுதான். ஒரு கணக்கு அவள் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் அவன் துணிந்து கேட்டுவிட்டான்.

“அக்கா... யாரு அது?”

ஆறு ஓடும் சத்தம். வைப்பர் அடிக்கும் சத்தம்.

“முதல்ல வெளிய வரட்டும்,” என்றாள். கன்று போடும் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது பேசுகிற அதே பொறுமையான குரல். “அப்புறம் என்னன்னு பாத்துக்கலாம்.”

அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை.

முந்தாநாள் மதியம் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்போது நானும் இருந்தேன். நல்ல வெயில். இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் இல்லை. கண்ணாடியை இறக்கித் தம்பியைக் கூப்பிட்டாள். முகத்தில் தூக்கம் தீர்ந்த தெளிவு.

“அந்த வின்ச்சக் கழட்டிடுடா. இனிமே தேவையில்ல.”

தம்பி ஸ்பேனரை எடுத்தான். மூன்று தடவை வைத்தும் போல்ட்டில் உட்காரவில்லை. நான்தான் வாங்கி நான்கு போல்ட்டையும் கழற்றினேன். வடம் எலும்பு போலக் காய்ந்திருந்தது. நிமிரும்போது, நான் ஏன் அந்தப் பக்கம் பார்த்தேனோ... டிரைவருக்குப் பக்கத்து இருக்கை. அந்தக் கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் ஆவி படிந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு.

நான் பார்க்கப் பார்க்க அது சுருங்கியது. மறுபடி பெரிதானது. சுருங்கியது... பெரிதானது.