நல்ல சுரப்பி

எனக்கு நாய்கள் என்றால் பிரியம். டிக்கோயாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் சிறிய மிருக வைத்தியசாலைக்கு வந்த எந்த நாயும் இந்தக் குணரத்தினத்தைக் கடித்ததில்லை. நீங்கள் விசாரிப்பது வேறு விடயம் என்று தெரியும். அதற்கும் வருகிறேன்.

மனிதனைப் போலவே நாய்க்கும் புரொஸ்டேட் சுரப்பியில் தானாகவே புற்றுநோய் வரும். மனிதனுக்கு இரத்தத்தைச் சோதித்துச் சந்தேகப்படலாம். நாய்க்கு அந்தச் சோதனை உதவாது. ஆகவே, திசுவில் எந்தப் புரதம் நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்று, ஒரு நண்பரின் ஆய்வுகூடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். 2004ஆம் ஆண்டு. மலைநாட்டில் எவரும் என்னிடம் கேட்காத ஆராய்ச்சி.

நோயில் செத்த நாய்களை மறுக்காமல் கொடுத்தார்கள். கிடைக்காதது நல்ல திசு. நல்ல சுரப்பியில் அந்தப் புரதம் இல்லை என்று காட்டினால்தான் அது நோயின் அடையாளம். வயதான ஆண்நாய்க்கோ சுரப்பி வீங்காமல் இருப்பது அபூர்வம்.

அந்த நேரத்தில்தான் அம்மாக்கண்ணு தன் நாயைக் கூட்டிவந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தார். நாயின் பெயர் கண்டாக்கு. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்.

"காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு எங்களுக்கு முந்திப் போயிருவாருங்க. நின்னு கொலைப்பாரு. ஒரு வேலயும் செய்ய மாட்டாரு" என்றார்.

காதில் ஒரு புண். மருந்து போட்டேன். வயதான நாய் என்பதால், கையுறை மாட்டி, பின்புறமாக விரலைவிட்டுச் சுரப்பியையும் தொட்டுப் பார்த்தேன். கண்டாக்கு அதைப் பதவிக்குரிய கண்ணியத்தோடு பொறுத்துக்கொண்டது. சிறிய, வழவழப்பான, இரு பக்கமும் சமமான சுரப்பி. அந்த வயதில் அப்படியொன்றை நான் தொட்டதில்லை. விரலை எடுக்க மனம் வரவில்லை.

"கட்டியொண்டு இருக்குது, அம்மாக்கண்ணு" என்றேன்.

"வலிக்குதாங்களா?"

"இனித்தான் வலிக்கும். அதுக்கு முந்தி ஊசி போட்டா உயிர் நோகாமப் போயிடும்."

அவர் நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "எனக்கு இவர விட்டா ஆளில்லீங்க. ஆனா நோவுபட வேணாம். நீங்க சொன்னா சரிங்க, டாக்டரய்யா."

மெல்லிய ஊசியாகத் தேர்ந்தெடுத்தேன். பிறகு சுரப்பியை எடுத்துக்கொண்டு, வயிற்றை நேர்த்தியாகத் தைத்து, உடலைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவர் நன்றி சொல்ல லீக்ஸ் கொண்டுவந்தார். வெங்காயத்தாள் மாதிரி இளம் லீக்ஸ், சுண்டினால் ருசியாக இருக்கும்.

என்னை எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஹட்டனில் ஒரு மண்டபத்தில், நாய் வளர்ப்பவர்களுக்கு என் ஆராய்ச்சியை விளக்கக் கூப்பிட்டார்கள். அம்மாக்கண்ணுவை நானே அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன். திரையில் இரண்டு படங்கள். நோய்த் திசுவில் எங்கும் அந்தப் புரதத்தைக் காட்டும் பழுப்புநிறக் கறை. மற்றதில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இந்தச் சுத்தமான சுரப்பியைத் தந்தவர் அம்மாக்கண்ணுவின் கண்டாக்கு" என்று சொல்லி, முதலில் நானே கைதட்டினேன். உதவியவர்களை மேடையில் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

கைதட்டல் அடங்கியதும் அம்மாக்கண்ணு எழுந்தார்.

"அப்ப அவருக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒண்டுமே இல்லை" என்றேன். "அதுதான் விசேஷம்."

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில் ஆம். நோயில்லாத நாய் என்று தெரிந்தே, நோய் என்று சொல்லி அதைக் கொன்றேன். வேறு எவரிடமிருந்தும் நீங்கள் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. நான்தான் ஒலிபெருக்கியில் சொன்னேன்.

அம்மாக்கண்ணு அங்கேயே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். தன் நாய் அத்தனை ஆரோக்கியமாக இருந்திருக்கிறது என்று கேட்டால், யாருக்குத்தான் மனம் நிறையாது?