ரெண்டு அடுப்பு வச்ச வீடு

...இல்லம்மா, அந்த டப்பாவப் பத்தி மட்டும் எங்கிட்ட கேக்காத. கேஸா இண்டக்‌ஷனான்னு இந்தத் தெருவுல வேற யார்கிட்ட வேணா போய்க் கேளு, ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பிடுவாங்க. எனக்கு ஒரு வார்த்தை பத்தாது. சரி, வந்துட்ட, உள்ள வா. அதுல உக்காராத, ஒரு கால் ஆடும். இதுல உக்காரு.

மாடிக்குக் குடி வந்து பத்து நாளாச்சா? சௌம்யாதான உன் பேரு? கோயம்புத்தூர். பேச்சுலயே தெரியுதே, வாய் தெறந்தா 'ங்க' போடுற. வீட்டுக்காரர் பிரசன்னா, மாதாப்பூர்ல கம்ப்யூட்டர் வேலை. தண்ணி டேங்கர்காரன் சொன்னான். நான் யாரையும் விசாரிக்கறதில்ல, அவங்களா வந்து சொல்லுவாங்க. நான் ஞானசௌந்தரி. சௌந்தரி ஆன்ட்டின்னு கேட்டா லோத்குண்டாவுல யாரும் வீட்டக் காட்டுவாங்க. எங்கப்பா ரயில்வே வேலைக்குன்னு திருநெல்வேலியில இருந்து இங்க வந்தாரு, நான் பொறந்தது வளந்தது கட்டிக்கிட்டது எல்லாம் சிக்கந்திராபாத்லதான்.

கேஸ் கனெக்‌ஷனுக்குப் போனா அட்ரஸ் ப்ரூஃப் கேக்கறானா? கேப்பான். வாடகை அக்ரிமெண்ட்டக் காட்டினா இது நக்கோ, வேண்டாம், வேற கொண்டாம்பான். வேற கொண்டு போனா அன்னிக்கு ஆபீசர் லீவும்பான். அதான் இண்டக்‌ஷன் வாங்கிடலாமான்னு உனக்கு யோசனை. உனக்கு மட்டுமா? போன செப்டம்பர்ல, மானிய விலையில வருஷத்துக்கு ஆறு சிலிண்டர்தான்னு சொன்னாங்க பாரு, அன்னிலேருந்து இந்த ஊரே அந்த யோசனையிலதான் இருந்துச்சு. சர்ச்சுல ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா ஒருத்தரும் பிரசங்கத்தப் பத்திப் பேசல. உங்களுது எத்தன வாட்ஸ், எங்களுது எத்தன வாட்ஸ்... அதே பேச்சுதான்.

எங்க மகன் ஜோசியா இருக்கானே, அவனும் உன் வீட்டுக்காரர் மாதிரி மாதாப்பூர்ல வேலை பாக்கற ஆளு. ஒரு அடுப்பு வாங்கறதுக்கு இன்டர்நெட்ல ஒரு வாரம் உக்காந்து படிச்சான். கேஸ்ல பாதிச் சூடு காத்துல போயிடுதாம். டேய், முப்பது வருஷமா மீதிப் பாதியிலதான்டா உனக்கு சோறு வெந்துச்சுன்னேன். அம்மா, எஃபிஷியன்சி, எஃபிஷியன்சிங்கறான். அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர், தேவசகாயம். நீ பாத்திருப்ப, மாவுக்கட்டுப் போட்ட கையோட வாசல் கேட்டுப் பக்கத்துல நிப்பாங்க. அந்தக் கை கதைக்கு வர்றேன்.

அவங்க காஞ்சன்பாக் ஃபாக்டரியில முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பாத்தவங்க. ஒரு போல்ட்டு மயிரிழை கோணலா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. வீட்லயும் அதே கதைதான். புது சிலிண்டர் வந்தா சோப்புத் தண்ணி தொட்டு வச்சு, நுரை வருதா வரலையான்னு பாத்துட்டுத்தான் பத்த வைக்க விடுவாங்க. நான் பசியில நிப்பேன், அவங்க நுரையப் பாத்துட்டு நிப்பாங்க. காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு எனக்கும் சேத்து டீ போடறது அவங்கதான். கல்யாணமான வாரத்துல ஆரம்பிச்சது. நான் ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொன்னேனாங்கற? சக்கரை கம்மி, இல்லன்னா ஏலக்கா ஜாஸ்தி. இப்படியே போச்சு.

அப்பறம் நவம்பர்ல ஒரு சனிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். ஜோசியாவும் வீட்ல இருந்தான். மருமக ஆனி உள் ரூம்ல புள்ளையத் தூங்க வச்சிட்டிருந்தா. அப்ப புள்ளைக்கு மூணு மாசம். ஜோசியா குளிச்சிட்டு வெளிய வந்தவன், கேஸ் நாத்தம் அடிக்குதுன்னு சமையக்கட்டுக்கு ஓடினான். பாத்தா அங்க அவங்கப்பா நிக்கறாங்க. கை அடுப்பு நாப் மேல. அடுப்புல நெருப்பு இல்ல, வீடு பூரா கேஸு. ஜன்னல் கதவெல்லாம் தெறந்து, ஆனியையும் புள்ளையையும் ரோட்டுல கொண்டு போய் நிக்க வச்சான்.

ஜோசியா அவங்கப்பாவ சத்தம் போட்டான். அதுக்கு முன்னாடி ஒரு நாளும் போட்டதில்ல. "என்னப்பா பண்றீங்க, கைப்புள்ள இருக்கற வீடுப்பா இது, கேஸத் தெறந்து விட்டுட்டு நிக்கறீங்களே" அப்பிடின்னான். அவங்க அவனப் பாத்தாங்க. அப்பறம் என்னப் பாத்தாங்க. போய் பேப்பர எடுத்து வச்சிக்கிட்டாங்க.

சாயங்காலமே அந்த டப்பா வந்துருச்சு.

இரும்மா, அந்தக் கூத்தக் கேட்டுட்டுப் போ. ஃபோன்ல மணியப் பாக்கற, உன் வீட்டுக்காரர் வர நேரமாகும், பேகம்பேட் தாண்டவே ஒரு மணி நேரம். டப்பாவ வச்சாச்சா, எந்தப் பாத்திரத்த வச்சாலும் பீப், பீப்புன்னு கத்துது. நம்ம பாத்திரம் அதுக்கு ஆகாதாம். ஜோசியா ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்த மாம்பழ மேக்னெட்ட எடுத்துட்டு வந்து ஒவ்வொரு பாத்திரத்தோட அடியிலயும் ஒட்டிப் பாக்கறான். ஒட்டினா பாஸு, ஒட்டலன்னா ஃபெயிலு. என் கல்யாணத்துக்கு வந்த குக்கரு ஃபெயிலு. இட்லிக் குண்டான் ஃபெயிலு. ஆப்பச்சட்டி, அதுக்கு அடி உருண்டை, உக்காரவே மாட்டேங்குது. ஞாயித்துக்கிழம ஆப்பம் இல்லாத வீடு எங்க வீடு இல்லம்மா, அதயும் நிறுத்தியாச்சு. புல்காவ நெருப்புல காட்டி உப்ப வைக்க முடியாது. அப்பளம் சுட முடியாது. ஆனா அதுல இட்லிக்கு ஒரு பட்டன் இருக்கு. எந்தக் குண்டான்ல வச்சு அமுக்கறதுன்னு சொல்லத்தான் ஆளில்ல.

புதுப் பாத்திரமா வாங்கி அடுக்கினோம். அடுக்கி முடிச்சதும் கரண்ட் கட்டு ஆரம்பிச்சுது. காலைல ரெண்டு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம். இன்வெர்ட்டர்ல போடலாமான்னா, இன்வெர்ட்டர் எரிஞ்சிரும்மாங்கறான். அப்ப சோறு? அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணினான் பாரு. கேஸ் அடுப்ப எடுக்கல, சிலிண்டர பின் பால்கனியில வச்சு, கம்பிக் கதவு போட்டு பூட்டிட்டான். சாவிய எங்கிட்ட குடுத்து, "கரண்ட் இல்லாதப்ப நீங்க மட்டும் தெறங்க, அப்பா கையில குடுத்துடாதீங்க"ன்னான்.

ஆமாம்மா, சாவிய எங்கிட்டதான் குடுத்தான்.

காலைல டீ? முதல் நாள் அவங்க அந்த டப்பாகிட்ட போனாங்க. அதுல பட்டன்னு பேருதான், கண்ணாடி மேல சும்மா வெரல வைக்கணும். ஃபாக்டரில இரும்பத் தொட்டுத் தொட்டு அவங்க வெரல் நுனி காஞ்சு மரத்துப் போயிருக்கும். வைக்கறாங்க, அது மதிக்கல. திருப்பி வைக்கறாங்க, மதிக்கல. நான் கதவுகிட்ட நின்னு பாத்துட்டிருந்தேன். அஞ்சாறு தடவ வச்சுப் பாத்தாங்க. அப்பறம் கைய வேட்டியில தொடச்சுக்கிட்டு, செருப்பப் போட்டுக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிட்டாங்க. அந்தப் பக்கம் இருக்கற டீக்கடைக்கு. அன்னிலேருந்து தினமும் அங்கதான். எனக்கு டீ கெடயாது. நானே போட்டுக் குடிச்சேன், சக்கரை எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா குடிக்க முடியல.

ஜோசியா விடல. அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சுன்னு எங்கியோ இருந்து பரீட்சை மாதிரி முப்பது கேள்வி ப்ரிண்ட் எடுத்துட்டு வந்தான். இன்னிக்கு என்ன தேதி, நீங்க இருக்கறது எந்த ஊரு, நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சிட்டே வாங்க. அவங்க கழிச்சிட்டே போயி ரெண்டுல நின்னு, "இதுக்கு மேல மைனஸ்ல போகவா?"ன்னு கேட்டாங்க. பேப்பர்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஒண்ணு இருந்துச்சு, அதயும் வட்டம் போட்டுக் குடுத்தாங்க. அதப் பாத்து நான் சிரிச்சேன். ஜோசியா சிரிக்கல. "ஆரம்பத்துல இப்பிடித்தான்மா தெளிவா இருப்பாங்க"ங்கறான். தெளிவா இருந்தாலும் வியாதியாம், பாரு.

போன செவ்வாக்கிழம டீக்கடைக்கு ரோட்டத் தாண்டறப்ப ஒரு பைக்குக்காரன் இடிச்சிட்டுப் போயிட்டான். இடது மணிக்கட்டு. அல்வால்ல ஒரு நர்சிங் ஹோமுக்கு நான்தான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரேக்கு நம்பர் குடுத்துட்டு பெஞ்சுல உக்கார வச்சிட்டாங்க. கை இப்பிடி வீங்கியிருக்கு. ஆனாலும் அவங்க செவத்துல இருந்த ஃபயர் எக்ஸ்டிங்குஷரோட தேதியத்தான் படிச்சிட்டிருந்தாங்க, காலாவதி ஆயிருச்சாம்.

உக்காரும்மா. இன்னும் கொஞ்சம்தான். இத நான் ஆக்னஸ்கிட்ட கூட சொல்லல. ஆக்னஸ் என் தங்கச்சி, மெட்ராஸ்ல இருக்கா. அவளாலதான் எல்லாம்னு சொல்லலாம்னு பாத்தேன், அவ மேல போட்டா நிக்காது.

அந்த சனிக்கிழம ஆக்னஸ் ஃபோன் பண்ணினா. நான் அடுப்புல பால வச்சிருந்தேன். அவ மருமக சீமந்தக் கதைய எடுத்தா, நான் பால மறந்துட்டேன். திரும்பிப் பாக்கறேன், பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சிருக்கு. ஃபோனத் தோள்ல இடுக்கிக்கிட்டே பாத்திரத்த எடுத்து பின்னால ஊறப் போட்டேன், மேடையத் தொடச்சேன். நெருப்பு இல்லல்ல, அதனால நாப்ப மூடியாச்சுன்னே மனசுல பட்டுருச்சு. பேசிக்கிட்டே வாசலுக்குப் போயிட்டேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

அவங்க கேஸ மூடத்தாம்மா உள்ள போனாங்க. கை நாப் மேல இருந்தது அதுக்குத்தான்.

ஜோசியா சத்தம் போட்டப்ப நான் பின்னாடிதான் நின்னேன், ஃபோன் இன்னும் கையில. சொல்லணும்னு வாயத் தெறந்தேன். ஆனி ரோட்டுல புள்ளையக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கறா. இந்தக் கிழவி கையில எப்பிடி இனிமே புள்ளையக் குடுக்கறதுன்னு அவ நெனச்சிருவாளோன்னு இருந்துச்சு. அதனால என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாயிடுச்சுல்லடா, விடு." அவங்களக் காட்டி சொன்னேன்.

நர்சிங் ஹோம் பெஞ்சுல அத சொல்லிட்டேன். அந்த வீங்கின கையப் பாத்துட்டு வாய மூடிட்டு உக்கார முடியல. "என்னங்க, அன்னிக்கு நாப்ப விட்டது நான்தாங்க"ன்னேன்.

"தெரியும்"னாங்க.

"எப்பிடித் தெரியும்?"

"பால் அடிப்பிடிச்ச பாத்திரம் பின்னால ஊறிட்டு இருந்துச்சே. நான் அன்னிக்குப் பால் வைக்கல."

எனக்குக் கோவம் வந்துருச்சு. நாலு மாசமா எதுக்குச் சும்மா இருந்தீங்க, அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானன்னேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன் சௌந்தரி"ன்னாங்க. அவ்வளவுதான். அப்பறம் நம்பர் கூப்பிட்டாங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க.

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு பேகம்பேட்ல மறதி டாக்டர்கிட்ட ஜோசியா அப்பாயின்ட்மென்ட் வாங்கி வச்சிருக்கான். இனிமே அவங்கள தனியா வெளிய விட வேண்டாம், கேட்டுக்கு உள்பக்கம் பூட்டுப் போடணும்னு நேத்து ஆள வச்சு அளவும் எடுத்தாச்சு. அவங்களும் சரி, போலாம்னுட்டாங்க. செவ்வாக்கிழம போயி இன்னிக்கு வெள்ளிக்கிழம. தினமும் இன்னிக்கு சொல்லிடலாம்னு இருப்பேன், அவன் வருவான், ஷூவக் கழட்டுவான், பசிக்குதும்மாம்பான், நான் தோசைய ஊத்த ஆரம்பிச்சிருவேன்.

அதான் இன்னிக்கு நீ வந்ததும் நல்லதாப் போச்சுன்னு உக்கார வச்சேன். யாராவது பக்கத்துல இருந்தா நான் பின்வாங்க மாட்டேன்னு... நீ ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா இருந்தா போதும். அஞ்சு நிமிஷம். பைக் சத்தம் கேக்குதா? அவன்தான்.

ஏம்மா எந்திரிக்கற? அடுப்பு கதைய முழுசா முடிக்கலயே. சரி... சரி, போ. வெளியாளு இருந்தா அவனுக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும். பாத்துப் போ, மூணாவது படி உடஞ்சிருக்கு.

வாடா ஜோசியா. இல்ல, தோசை அப்பறம். கேட்டுப் பக்கத்துல அப்பா நிக்கறாங்க, அவங்களயும் உள்ள கூப்பிடு. ஆனியையும் கூப்பிடு. நீ ஷூவக் கழட்டிட்டு இப்பிடி வந்து உக்காரு, அம்மா ஒண்ணு சொல்லணும்.