உருகின தட்டு

இல்ல இல்ல, அது ரப்பர் இல்ல, பிளாஸ்டிக்குதான். சூட்டுல உருகி, ஓவன் கம்பி மேல ஒழுகிப் பிடிச்சிருக்கு. கத்தி வச்சுச் சொரண்டிப் பாத்தேன், வரல்ல. நீங்க தமிழே பேசுங்க ஜெயன். பார்டர் பக்கம் பாறசாலைன்னா நம்ம ஆளுதான? ரிப்பேருக்கு ஆளு வேணும்னு நாலு இடத்துக்கு விளிச்சு, மேல் வீட்டு பிஜிகிட்டயும் ஃபிளாட்டு செக்ரட்டரிகிட்டயும் மலையாளத்துலயே சமாதானம் சொல்லி, எனக்கு வாயே வலிக்குது.

நாந்தான் வச்சேன். கண்ணாடி போடல்ல. எங்க மக, பேரு அஞ்சு, பெங்களூர்ல இருக்கா. ஓணத்துக்கு வந்தப்ப ஃப்ரீசர் நெறைய, தட்டுல அடைச்ச ரெடிமேட் சாப்பாடா வாங்கி அடுக்கிட்டுப் போனா. கோழிக்கறி, புலாவு, சீஸ் போட்ட ஏதோ ஒண்ணு. அம்மா, நீ நின்னு சமைக்காண்டாம், தட்டோட ஓவனுக்குள்ள வச்சா போதும், மதின்னா. மதியா? அதுலயே ரெண்டு விதம் இருக்கு கேட்டியளா. கறுத்த தட்டு சூடு தாங்கும், மேல உள்ள பிளாஸ்டிக் தாளை மட்டும் கிழிக்கணும். வெள்ளைத் தட்டு மைக்ரோவேவுக்கு மட்டும், இந்த மாதிரி கம்பி பழுக்குற ஓவனுக்கு ஆகாது. அதைத் தட்டுக்கு அடியில பொடி எழுத்துல எழுதி வச்சிருக்கான். சாப்பாட்டைக் கவுத்துப் பிடிச்சா படிக்க முடியும்?

திருகு இருநூத்தம்பதுலயா நிக்குது? ஆமா, நாந்தான் திருப்புனேன். சீக்கிரம் ஆகட்டும்னு.

சாயா ஆறுது, குடியுங்க. முன்னறையில இருக்கது எங்க வீட்டுக்காரரு, தாசையன். அவிய உங்களைப் பாத்துச் சிரிச்சா நீங்களும் சிரிச்சுக்கிடுங்க, போதும். முப்பத்திரெண்டு வருசம் தம்பானூர்ல ஒரு லாட்ஜுல குக்கா இருந்தாவ. நூறு பேருக்குச் சாம்பாரு, உப்புப் பாக்காமலே எறக்குவாவ.

எப்பவா? செவ்வாக்கிழமை. சர்ச்சுல பெண்கள் கூட்டம் முடிஞ்சு மூணு மணிக்கு வாறேன், படிக்கட்டுலயே புகை. கதவைத் தொறந்தா கண்ணு எரியுது. பிஜி ஓடி வந்து மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுனா.

என்ன அப்பிடிப் பாக்கிய?

சரி. நான் இல்ல. கூட்டத்துல இருந்தவ எப்பிடி வைப்பேன்.

அவியதான். மேல உள்ள தாளைக் கூடக் கிழிக்கல்ல. அந்தப் புகைக்குள்ள நின்னுக்கிட்டு ரெண்டு பிளேட்டுல வெளம்பி வச்சிருக்காவ. கறி மேல தாளு சுருங்கி ஒட்டிக் கெடக்கு. ரத்னா, வந்தியா, இருந்து தின்னு, ஆறிப்போவும்னு சொல்லுதாவ. என் பேரைச் சொல்லி விளிச்சு நாலு மாசம் ஆச்சு ஜெயன். தாளை ஒதுக்கிட்டு ரெண்டு வாய் தின்னேன். பின்னே என்ன செய்ய?

அஞ்சுகிட்டயும் நாந்தான் வச்சேன்னு சொல்லியிருக்கேன். முன்னே அவிய கேஸை ரெண்டு தடவை தொறந்து விட்டாவ, அதுக்கப்புறம்தான் சிலிண்டரைத் திருப்பிக் குடுத்தோம். இனி ஒண்ணு நடந்தா அப்பாவை ஒரு ஹோமுல சேத்திரணும்னு அவ சொல்லிட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அங்க கெடந்து ஒவ்வொரு போனுக்கும் பயந்து பேடிச்சுக்கிட்டு இருக்கா.

ஓவனைத் தூக்கி எறிஞ்சிரலாம்னு பிஜியும் சொன்னா. நேத்து இதை எடுத்து பால்கனியில வச்சுப் பாத்தேன். அவிய வந்து அடுக்களையில வெறும் மேடையைத் தடவிக்கிட்டே நிக்காவ. சாயங்காலம் வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கல்ல. நான் ஊட்டுனா வாயைத் தொறக்க மாட்டாவ. அவிய சமைச்சதுன்னு நெனச்சாத்தான் தின்னுவாவ. பெறகு நானே திரும்பத் தூக்கிட்டு வந்து வச்சேன்.

வேண்டாம், புதுக் கம்பி எடுக்காண்டாம். அதுக்கு இல்ல உங்களை விளிச்சது. அவிய திருப்புனா உள்ள வெளக்கு எரியணும். நேரம் ஆனா மணி அடிக்கணும். சூடு மட்டும் வரப்படாது. அப்பிடிச் செஞ்சு தர முடியுமா? சாப்பாட்டை நான் இங்கின இண்டக்சன்ல சூடாக்கி, அவிய பாக்காத நேரமாப் பாத்து உள்ள வச்சிருவேன்.