சுருட்டி வைத்த வயர்

பெயர்: சிவநேசன் தாட்சாயினி. வயது: 46. தொழில்: நெற்செய்கை. விலாசம்: வாய்க்கால் வீதி, பரந்தன், கிளிநொச்சி மாவட்டம். தமிழ் வாசிக்கவும் எழுதவும் தெரியும். காணாமற்போன கார் சம்பந்தமாக நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம் இது. இன்று என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானே பஸ் ஏறி வந்தேன்.

நான் மேற்படி விலாசத்தில் என் தகப்பனார் ராஜரத்தினத்துடன் வசித்து வருகிறேன். கணவர் வவுனியாவில் அரிசி ஆலை ஒன்றில் வேலை, சனிக்கிழமைகளில் வருவார். தகப்பனாருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காது. பேச்சும் குழறும், அவர் சொல்வது அனேகமாக எனக்கு மட்டும்தான் விளங்கும். எனக்கு உடன்பிறந்தது ஒரேயொரு தம்பி. பெயர் ரஜிதன், வயது 37, சுவிஸில் இருக்கிறான். இதை எழுதும் பொலிஸ் சேர் முதலில் 'இருக்கிறார்' என்று எழுதினார். இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளையை அவர் இவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்று சொன்னேன், மாற்றி எழுதினார்.

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி வந்து நின்றபோது கொழும்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டு கதவு, மஞ்சள் நிறம். அதற்குள் இருந்தால் நிலத்தில் பாய் போட்டு இருந்த மாதிரி இருக்கும். எங்கள் வீதிக் குண்டு குழிக்குள் அது அடி உரசாமல் வந்ததே இல்லை. ஏறுவதற்கு முதல் ஆர் என்றாலும் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட வேண்டும். அவனும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் காரை ஓட்டுவான். எங்கள் சின்னம்மா ஒருத்தி, "இதென்ன காரோ, கோயில் மூலஸ்தானமோ?" என்று பகிடி பண்ணினா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதன் பின்னர் அவன் திரும்பிப் போகும்போது, "அக்கா, அடுத்த முறை வரேக்குள்ள எனக்குக் கார் வேணும், உன்ர நெல்லுக் கொட்டிலுக்குள்ள நிக்கட்டும்" என்று கேட்டான். தம்பி கேட்டால் இல்லை என்று சொல்லுவேனோ? கொட்டிலில் இருந்த நெல் மூட்டைகளைத் தகப்பனாரின், எங்கள் ஐயாவின், அறைக்குள் அடுக்கினோம். அறைக்குள் கட்டிலுக்கு இடமில்லாமற் போனதால் ஐயாவை முன் விறாந்தையில், வாசலைப் பார்த்தபடி கட்டில் போட்டுக் கிடத்தினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால் பின்னால் இது தேவைப்படும்.

ஓடாமல் நிற்கிற கார் பற்றரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும் என்று சொல்லி, அதை எந்நேரமும் நிரப்பி வைத்திருக்கிற சின்னச் சார்ஜர் ஒன்றைத் தம்பி சுவிஸிலிருந்து கொண்டுவந்திருந்தான். சந்தியில் கராஜ் வைத்திருக்கும் எலெக்றீசியன் நிருஷன் (வயது 23) வந்து அதைப் பூட்டினான். முதலில் முதலைக் கிளிப்பால் கௌவிவிட்டுப் போனான். அதைக் கண்டதும் தம்பி, "வயர் தொங்கக் கூடாதடா, பொனற்றைத் திறக்காமலே கொழுவக்கூடிய மாதிரிச் செய்" என்று குதித்தான். அதன் பின்னர் நிருஷன் வளையம் வைத்த நுனிகளை, சிவப்பைப் பிளஸ்சிலும் கறுப்பை மைனசிலுமாக, நிரந்தரமாக முறுக்கிப் பூட்டி, இடையில் பியூஸ் வைத்து, வயரை உள்விளிம்போடு கட்டிக்கொண்டு வந்து முன்பக்க வலையின் ஓரத்தால் ஒரு சின்னப் பிளக் மட்டும் வெளியே தெரிய விட்டான். குனிந்து தேடினால்தான் கண்ணில் படும். அவ்வளவு துப்பரவான வேலை.

வேலை முடிந்து நிருஷன் மிச்ச வயரை முழங்கையிலும் பெருவிரலிலுமாகச் சுற்றிக் கட்டினான். வயர் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே சுற்றுவார்கள். தம்பி அதையும் பறித்து உதறி, "இப்பிடிச் சுத்தினா உள்ளுக்கு முறியும்" என்று சொல்லி, பெரிய வட்டமாகத் தளரச் சுருட்டி, ஒட்டுநாடாப் பட்டியால் கட்டிக் காட்டினான். பெடியன் முகம் கறுத்துப் போச்சு. நான்தான் தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்து அனுப்பினேன்.

தம்பி போன பின்னர் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோல் எடுப்பான். போனைத் தூக்கியதும், "அக்கா, பச்சை லைற் எரியுதோ?" என்பதுதான் முதற்கதை. நான் கொட்டிலுக்குப் போய்ச் சார்ஜரின் லைற்றைக் காட்டி, மூடியிருந்த படங்கைத் தூக்கிக் காரைக் காட்டி, அதற்குப் பிறகுதான் ஐயாவிடம் வருவேன். சில நாட்களில் ஐயாவிடம் வருமுன் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். ஐயா இடக்கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு காத்திருப்பார். ஒருநாள் பூனை ஏறிப் படுத்துப் படங்கில் ஒரு கீறல் விழுந்ததற்குத் தம்பி போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

கொட்டில் பூட்டைப் பற்றி என் முதல் வாக்குமூலத்தில் நான் சரியாகச் சொல்லவில்லை. நிருஷன் வேலை செய்தபோது திறப்பு ஒருநாள் அவனிடம் இருந்தது என்று மட்டும் சொன்னேன். அது பழைய பூட்டு. மாரி மழையில் அது துருப்பிடித்ததால் புதுப் பூட்டு வாங்கினேன். அதற்கு இரண்டு திறப்பு. ஒன்று என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது, இப்போது சேருக்குக் காட்டினேன். மற்றதைத் தம்பி கேட்டபடி, சுவிஸுக்குப் போன அவனுடைய கூட்டாளி ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் இதொன்றும் நினைவுக்கு வரவில்லை.

கடந்த வெள்ளிக்கிழமை ஐயாவின் மருந்து எடுக்கக் காலையில் கிளிநொச்சிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பிரியந்தினி ஐயாவோடு இருந்தவ. இடையில் தன் பிள்ளையை முன்பள்ளியில் இருந்து கூட்டிவரப் போய்வந்திருக்கிறா. மத்தியானம் நான் திரும்பி வந்தபோது ஐயாவின் கண்ணெல்லாம் நனைந்திருந்தது. "தம்பி வந்தவன்" என்றார். "ஐயா, அவன் சுவிஸில எல்லோ, கனவு கண்டிருப்பியள், பேசாமல் படுங்கோ" என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டேன். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கொஞ்சம் ஏசியும் போட்டேன்.

அதன் பின்னர் ஞாயிறு பின்னேரம் லைற் காட்டுவதற்காகக் கொட்டிலைத் திறந்தேன். பூட்டுப் பூட்டினபடி இருந்தது. உள்ளே கார் இல்லை. ஐயோ என்று கத்திக்கொண்டு தம்பிக்குப் போன் எடுத்தேன். வீடியோ வேலை செய்யவில்லை என்று சொல்லி வெறும் குரலில்தான் கதைத்தான். கீறலுக்குக் குதித்தவன் முழுக் காரும் போய்விட்டது என்றதற்குக் குதிக்கவில்லை. "பதறாதை அக்கா, பொலிஸில போய்ச் சொல்லு. அந்த எலெக்றீசியன் பெடியன்தான் எடுத்திருப்பான், அவன்ர பேரைச் சொல்லு" என்றான். அப்போது அவன் பக்கத்தில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. எங்கள் வீதியில் வந்து பாணும் பணிசும் விற்கிறதே, அதே பாட்டு. எங்கள் ஒழுங்கையில் அந்த நேரம் ஓட்டோ ஒன்றும் இல்லை. சுவிஸில் பாண் ஓட்டோ ஓடுகிறதோ என்று சேர்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

அன்று மாலையே முறைப்பாடு கொடுத்தேன். எடுத்தது இவர்தான் என்று நான் ஒருவர் பெயரும் சொல்லவில்லை. அப்படிப் பெயரைச் சுவிஸிலிருந்து அனுப்புவது போலத் தம்பி எழுதி அனுப்பியதாகப் பின்னர் அறிந்தேன். கொட்டில் மண்ணில், சாரதிக் கதவு இருந்த இடத்தில் வெறுங்கால் அடையாளம் இருந்ததென்றும், நிருஷன் கராஜில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிறவன் என்றும் சொல்லி அவனை விசாரணைக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் அவனுடைய தாய் ஜெகதீஸ்வரி என் வாசற் படலையில் வந்து நின்றா. ஏசுவா என்று பார்த்தேன், ஏசவில்லை. "உங்கட வீட்டுத் தேத்தண்ணி குடிச்ச பிள்ளை தங்கச்சி" என்று மட்டும் சொன்னா. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

அதன் பின்னர் நான் கொட்டிலுக்குள் போய், முதல் நாள் கண்ணால் கண்டும் மனதில் படாததை எல்லாம் நின்று பார்த்தேன். சுவரில் சுவிச் நிற்பாட்டப்பட்டிருந்தது. சார்ஜர் அதனுடைய மட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கப்பட்டிருந்தது. வயர் பெரிய வட்டமாகத் தளரச் சுருட்டிப் பட்டியால் கட்டியிருந்தது. முழங்கையில் சுற்றின சுற்று இல்லை. படங்கு, வெளிப்பக்கத் தூசு உள்ளே ஒட்டாமல் நாலாக மடித்து மூலையில் இருந்தது. களவெடுக்க வந்தவன் நின்று வயர் சுருட்டுவானோ? சுருட்டினாலும் தம்பி சுருட்டுகிற மாதிரியோ? கொட்டிலைத் திரும்பப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பின்னர் தம்பிக்கு எடுத்து, "ரஜி, நீ எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டேன். அவன், "அக்கா, கார் வித்தாச்சு. இன்சூரன்சுக்குக் களவு எண்டு ஒரு கேஸ் வேணும், அதுக்கு ஒரு பேர் வேணும். பெடியனை ரெண்டு நாளில விட்டிடுவினம்" என்றான். ஊருக்கு வந்த நீ ஏன் வீட்டுக்குள் வரவில்லை என்று கேட்டேன். வந்தது தெரிந்தால் கேஸ் குழம்பிப் போகுமாம். நான் பொலிசுக்குப் போகப்போகிறேன் என்றேன். "நீ என்ர அக்காவோ, அவன்ர அக்காவோ?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு நான் இங்கே பதில் சொல்கிறேன். நான் அவனுடைய அக்காதான். அதனால்தான் அந்தக் கண்டறியாத காருக்காக என் நெல்லை வெளியே எடுத்தேன், படுத்த படுக்கையான தகப்பனை விறாந்தைக்கு மாற்றினேன், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் பச்சை லைற் காட்டினேன். அவன் என்னை ஏமாற்றினது மட்டுமென்றால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன், சத்தியமாக. ஆனால் ஊரான் பிள்ளையைப் பிடித்துக் கொடுக்க என் வாயையும் இரவல் கேட்டான். அது என்னால் முடியாது. அதையும் எழுதுங்கோ என்று சேரிடம் சொன்னேன்.

நேற்று மத்தியானம் ஐயாவுக்குச் சோறு தீத்தும்போது, "அண்டைக்கு என்ன கண்டனீங்கள் ஐயா?" என்று பக்கத்தில் இருந்து கேட்டேன். ஐயா குழறிக் குழறிச் சொன்னது இதுதான். தம்பி வாசலில் வந்து நின்றான். ஐயா இடக்கையைத் தூக்கிக் கூப்பிட்டார். அவன் சப்பாத்தைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை, பார்த்துவிட்டுக் கொட்டில் பக்கம் போய்விட்டான். சொல்லி முடித்துவிட்டு ஐயா, "அவசரமாக்கும், பாவம்" என்றார். நான் ஓம் என்று சொன்னேன்.

ஆகவே கொட்டிலில் இருக்கும் வெறுங்கால் அடையாளம் நிருஷனுடையது அல்ல. அவனை விட வேண்டும். அது என் தம்பி ரஜிதனுடையது. ஐயாவின் வாசலில் கழற்ற நேரமில்லாத சப்பாத்தை அவன் காரில் ஏற முதல் கழற்றியிருக்கிறான்.

நான் சொல்லச் சொல்லச் சேர் எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டினார். ஒருவரும் வெருட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை, அவ்வளவும் உண்மை என்று என் கையாலேயே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. தாட்சாயினி