ஒரு பல் தள்ளி

பிச்சம்மாள் கடைக் காப்பியைச் சங்கரன்கோவிலில் யாரும் ருசிக்காகக் குடிப்பதில்லை ஐயா. கூடவே கிடைக்கிற ஊர்ச்செய்திக்காகக் குடிக்கிறோம். என் மோட்டார் பட்டறை அவள் கடைக்கு நேர் எதிரே. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினாள், எந்த ஜவுளிக்கடைக்காரர் தலைக்கு மை பூச ஆரம்பித்திருக்கிறார் என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே எனக்கும் வந்துவிடும். எழுதிக்கொள்ளுங்கள்: பெயர் சண்முகையா, வயது நாற்பத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றியும் அந்தக் கடையில் பேசுவார்கள். நான் எதிரே இருப்பதால் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள்.

வாடகைக் கார் ஓட்டுகிற தங்கப்பழத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். யுத்தகாலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய பழைய கார் அவனுடையது. ஐம்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் எஞ்சினுக்குள் டக்டக்கென்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தான். திறந்து பார்த்தால் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. எஞ்சின் வயிற்றுக்குள் படுத்திருக்கிற தண்டு அது. அதிலுள்ள மேடுகள்தான் வால்வுகளை முறை வைத்துத் தூக்கிவிடும். மதுரையிலிருந்து வேறு தண்டு வரவழைத்தேன்.

தண்டை உருவுவது பொறுமையான வேலை. ரேடியேட்டரை இறக்கி, முன்மூடியைக் கழற்றி, தண்டின்மேல் வரிசையாக நின்று வால்வுகளைத் தள்ளுகிற எட்டு டேப்பட்டுகளையும் மேலே தூக்கிப் பிடித்தால்தான் தண்டு முன்பக்கமாக வெளியே வரும். இதற்கு நாலு கை வேண்டும் என்று தங்கப்பழத்திடம் சொன்னேன். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நின்றான். ஐந்து நாள் என்னோடு இருந்தான். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை; தெரிந்ததில் பாதி தப்பாக இருக்கும். மத்தியானம் அவன் தூக்குச்சட்டியிலிருந்து எனக்கும் ஒரு பங்கு சோறு வரும். பதினெட்டு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

உண்மையில் அந்த வேலைக்கு ஓர் ஆள் போதும். டேப்பட்டுகளை நூலால் மேலே இழுத்துக் கட்டிவிட்டால் அவை அப்படியே நிற்கும். தறிக்காரர்கள் கழித்துப் போடுகிற நூல் நம் ஊரில் எந்தத் தெருவில் இல்லை? அதை நான் அவனிடம் சொல்லவில்லை. பொய் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

மறுபடி மாட்டும்போது, கேம்ஷாஃப்டின் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, அதைச் சுழற்றுகிற சின்னச் சக்கரத்தில் ஒரு புள்ளி, இரண்டும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் வால்வு நேரம் தவறித் திறக்கும். அவனுக்கும் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "மாப்பிளையும் பொண்ணும் மாதிரில்லா பாத்துக்கிட்டு இருக்கு" என்றான். பிறகு கோவிலுக்குக் கிளம்பினான். எஞ்சினைத் திறந்தால், அம்மன் சன்னதிப் புற்றுமண்ணை எடுத்துவந்து அதன் நெற்றியில் ஒரு கோடு இழுக்காமல் அவன் ஸ்டார்ட் செய்யமாட்டான். போய்வர அரைமணி நேரம்.

அந்த அரைமணி நேரத்தில் பட்டறை எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? சாயங்காலம் அவன் போய்விடுவான், இனி எப்போது வருவானோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கை தானாக நூலை எடுத்துக் கட்டியது. தண்டை ஓர் அங்குலம் முன்னே இழுத்து, ஒரு பல் தள்ளித் திருப்பி, உள்ளே தள்ளி, மூடியைப் பூட்டிவிட்டேன். ஒரே ஒரு பல். டவுனுக்குள் ஓடும். பாரம் ஏற்றித் தூரம் போனால் இழுக்காது, கொதிக்கும். ஆளைக் கொல்கிற கோளாறு இல்லை அது.

மார்கழியில் வந்தான். "இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி. சிவகிரிக்குப் போகுமுன்ன மூணு தடவ தண்ணி கேக்கு." இன்னொரு ஐந்து நாள். பிறகு மாசியில் ஒரு தடவை. அவன் பெண்டாட்டி பூமாரி சோறு கொண்டுவரும்போது வாசலில் நின்று சொல்லுவாள்: "அண்ணாச்சி, உங்க தம்பிக்கு இங்கனயே ஒரு பாயைப் போட்டிருங்க. வீட்டு வாடகையாவது மிஞ்சும்." எதிரே இருந்து பிச்சம்மாள் விடமாட்டாள்: "ஏட்டி, அவரு காரைப் பாக்காரா, உம் புருசனைப் பாக்காரா?" எல்லோரும் சிரித்தோம். பூமாரி அப்போது முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு.

பங்குனிக் கடைசியில் அவனே காரைக் கொண்டுவந்து விட்டான். "இந்தத் தடவ நல்லாப் பாத்திருங்க அண்ணாச்சி. இடுப்புவலி வந்தா அவளைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோணும். இடையில நின்னுறக் கூடாது." புள்ளியும் புள்ளியும் நேராக வைத்து அவனுக்குக் காட்டினேன். அவன் புற்றுமண் எடுக்கப் போனான். அன்றைக்கு அவள் பெயருக்கு அர்ச்சனையும் செய்ததால் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பிள்ளை வந்துவிட்டால் மனுஷன் வீட்டோடு தங்கிவிடுவான், அது இயற்கைதானே. நூல் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

சித்திரை மூன்றாம் வாரம், காலை பத்து மணி. காரைப் பட்டறை வாசலில் நிறுத்தினான். பின்சீட்டில் பூமாரி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பிச்சம்மாள். இங்கே உள்ள மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டை வர தாங்குமா?"

பிச்சம்மாள் சொன்னாள்: "ஸ்டாண்டுல பஸ்ஸு நிக்கில்லா? அதுல போயிருவோம்வே."

பூமாரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"பஸ் குலுக்கும். கார் தாங்கும்வே, போ" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? தாங்காது என்றால் ஏன் என்று கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பானா?

பனவடலிசத்திரம் தாண்டிக் கொதித்து நின்றுவிட்டது. சுற்றிலும் கரிசல் காடு, கோடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பூமாரிக்கென்று கொண்டுபோன செம்புத் தண்ணீரை அவன் ரேடியேட்டரில் ஊற்றினான் என்று பிச்சம்மாள் பிறகு சொன்னாள். அதன் பிறகு அவள் தண்ணீர் கேட்டாளாம். நாங்கள் பேசிய பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்து ஏற்றிக்கொண்டது. மானூர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றில் ஆண் பிள்ளை.

காரை மாடு கட்டி இழுத்துவந்து என் பட்டறையில் விட்டார்கள். அதற்குப் பிறகு தங்கப்பழம் ஒரு நாள் தவறாமல் வந்தான். பழைய டயரின்மேல் உட்காருவான். "எண்ணெய்க் கையோட புத்துமண்ணைத் தொட்டுட்டேன் அண்ணாச்சி. அம்மன் பொறுக்கல" என்பான். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லுவான். நான் மறுக்கவில்லை. மறுத்தால் பேச்சு நின்றுபோகும். அவனுக்கும் வீட்டில் யாரும் இல்லை, எனக்கும் இல்லை. பிச்சம்மாள் கடையிலிருந்து இரண்டு பேருக்கும் சோறு வாங்கிச் சாப்பிட்டோம். நாற்பத்திரண்டு நாள். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல நாட்கள் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு அவன் மைத்துனன் வந்து ராயகிரிக்குக் கூட்டிப்போய்விட்டான். அங்கே தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறானாம். காரைக்கூடக் கேட்கவில்லை. மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. மூடியைக்கூடத் திறக்காமலே, கார் சரியாகிவிட்டது, வந்து எடுத்துப் போ என்று பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பினேன். எரித்துவிடச் சொன்னானாம்.

அதனால்தான் வந்தேன் ஐயா. நீங்கள் யாரும் என்னைத் தேடவில்லை என்பது எனக்குத் தெரியும். பட்டறைச் சாவி இந்தாருங்கள். முன்மூடியைக் கழற்றிப் பார்த்தால் புள்ளி ஒரு பல் தள்ளி நிற்கும்; எட்டு டேப்பட்டிலும் நூல் கட்டின தடம் இருக்கும். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். பூமாரியைக் காரில் அனுப்பியதும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேஸ் திருநெல்வேலிக் கோர்ட்டில்தானே நடக்கும்? முதல் சாட்சியாக அவனைத்தானே போடுவீர்கள்? ராயகிரிக்குச் சம்மன் போனால் வந்துதான் ஆகவேண்டும் என்கிறார்கள். ஒரே வாய்தாவில் முடித்துவிடாதீர்கள் ஐயா. அவன் வரட்டும். வந்தால் என்னோடு பேசாமலா போய்விடுவான்?